அரைக் கிலோமீற்றர்

என் தாளில் பதினொரு பெயர்கள்.
காணிப் பதிவகத்தில் ஒன்பது,
பக்கத்து வீட்டு ஜெஸீமா ரீச்சர்,
பிறகு மீன் சந்தையில் பாரை வெட்டுகிற அந்தோனிமுத்து.
கிலோமீற்றருக்கு எவ்வளவு என்ற கட்டத்தில்
மற்றவர்கள் இருபது, ஐம்பது.
அவர் செதில் ஒட்டிய விரலால் பேனை பிடித்து
இருநூறு என்று எழுதினார்.
"நடந்தாத்தான் காசு, அக்கா.
வாகனத்தில ஏறினா இல்லை."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
தாளின் மூலையில் இன்னும் மீன் மணம்.

நிலாவெளியில் விடிய ஐந்தரைக்குத் தொடக்கம்.
ஐயர், மௌலவி, பாதிரியார், பிக்கு,
நால்வரும் சுருக்கமாகப் பேசினார்கள்.
அதுவே நல்ல சகுனம்.
எல்லார் முதுகிலும் ஒரே எழுத்து:
ஆறு பேருக்குப் பல்கலைக்கழகப் படிப்பு,
ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குக் கூரை.

முதலில் கதை இருந்தது.
யாருடைய மகளுக்கு எங்கே சம்பந்தம்,
யார் கனடாவில் வீடு வாங்கியது.
வெயில் பனைகளுக்கு மேலே வந்ததும்
கதை நின்றது.
அதற்குப் பிறகு முழங்கால் மட்டும் பேசியது.

இல்லத்துப் பிள்ளைகள் நடக்கத் தேவையில்லை
என்று குழு தீர்மானித்திருந்தது.
மைதானத்தில் கதிரையில் இருந்து
கை தட்டினால் போதுமாம்.
டிலுக்சனா மட்டும்
தண்ணீர் கொண்டுவந்த றக்ரரில் எப்படியோ ஏறியிருந்தாள்.
பன்னிரண்டு வயது. கையில் உரச்சாக்கு.
நாங்கள் குடித்து எறிய எறிய
குதித்து இறங்குவாள்,
பற்றைக்குள் ஓடுவாள்,
திரும்பிவந்து ஓடும் பெட்டியில் தொற்றுவாள்.
"வெறும் போத்தில் கிலோ அறுபது ரூபா, அன்ரி."

சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று
தொப்பியைக் கழற்றிக் களப்பில் போட்டது.
முழங்காலும் அங்கேயே
நின்றுவிட்டது.
"ஏறுங்கோ, ஒருத்தரும் பாக்கேல்ல."
உண்மையாகவே ஒருவரும் பார்க்கவில்லை.
ஏறினேன்.

சாக்குகளுக்கு நடுவில் இருந்தபோது கேட்டாள்,
"உங்களுக்கு எத்தனை பேர்?"
"பதினொரு பேர்."
"எனக்கு ஒருத்தரும் இல்லை" என்றாள்.
தாளைச் சொன்னாள்.
நான்தான் வேறெதையோ கேட்டுவிட்டு
கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அரைக் கிலோமீற்றர். அவ்வளவுதான்.
அலஸ்தோட்டத்துக்கு முன்னமே இறங்கி
உப்புவெளி யுத்தக் கல்லறைகளைத் தாண்டி
நொண்டி நொண்டி நடந்தேன்.
நகருக்குள் இரண்டு மான்கள்
யாரோ போட்ட வாழைப்பழத்தோலுக்காக
ஊர்வலத்தை மறித்து நின்றன.
மைதானத்தில் கை தட்டினார்கள்.
எனக்கும் சேர்த்துத்தான்.

திங்கட்கிழமை மீன் சந்தைக்குப் போனேன்.
"பதின்மூன்றரை" என்றேன்.
"பதினாலெல்லோ?"
"பாலத்தில ஏறிட்டன்."
அந்தோனிமுத்து கத்தியைத் தண்ணீரில் அலசினார்.
ஈரக் கையால் எண்ணினார்:
இரண்டாயிரத்து எழுநூறு.
நூறு ரூபாயைத் திரும்ப மடித்து
இடுப்புப் பையில் வைத்தார்.
ஒரு சொல்லும் சொல்லவில்லை.
அந்த மனிதர் மேல் இருந்த மதிப்பு
எனக்கு இரட்டிப்பாயிற்று.

பொருளாளர் குகபாலனுக்கு அரை பிடிக்கவில்லை.
"தசமம் எல்லாம் ஏன், மிஸ்?
பதினாலெண்டு போடுங்கோ."
பதினொரு பெயருக்கும் நேரே
பதின்மூன்றரை என்றே எழுதினேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் டிலுக்சனா.
நான்கு சாக்கு, ஒன்பதரைக் கிலோ,
ஐந்நூற்று எழுபது ரூபா.
அவள் ஏறி இறங்கி ஓடிய தூரத்தை
ஒருவரும் அளக்கவில்லை.
பற்றுச்சீட்டு வேண்டும் என்று நின்றாள்.
"நன்கொடையாளர் விலாசம்?"
சொன்னாள்.
குகபாலனின் பேனை
பாதியில் நின்றது.

கொடுப்பவர், பெறுபவர்
இரண்டு கட்டத்திலும் ஒரே விலாசம்.
எங்கள் பதிவகத்துக்கு இப்படியொரு உறுதி வந்தால்
பிழையென்று குறித்துத்
திருப்பி அனுப்புவோம்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார்,
முத்திரையை மையில் இரண்டு தரம் ஒற்றினார்,
குத்தினார்.